துடைக்காத பந்து

என் மாமா பெற்ற மகாராணி கோமதி மதினிக்கு,

போன ஐப்பசியில் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பிறகு வந்த முதல் சாரல் இது. குற்றாலத்தில் அருவி கொட்டுகிறது, தூறல் தென்காசி வரைக்கும் வருகிறது. நாம் படித்த பள்ளிக்கூடத்திலேயே நான் விளையாட்டு டீச்சரானது உனக்குத் தெரியும். நேற்று மைதானத்தில் நடந்தது தெரியாதே. அதை உன்னிடம் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

முப்பிடாதி என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை. சாப்ட்பாலில் பந்து எறிகிறவள். கையை ஒரு முழுச் சுற்று சுற்றி, இடுப்புக்குக் கீழிருந்து விட்டாளென்றால் பந்து பறக்கும். ஆனால் அந்த ஒரே வேகப்பந்துதான் அவளிடம் இருந்தது, அந்த வயதில் என்னிடம் இருந்த மாதிரி. அவள் அப்பா பாவூர்சத்திரம் சந்தையில் காய்கறி வியாபாரி. "இவ தோத்துட்டான்னா இன்னையோட வெளையாட்டு போதும் டீச்சர்" என்று சொல்லிவிட்டு, குடையும் கையுமாக நேற்று ஆட்டம் பார்க்க வந்து நின்றார்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா? இப்படி ஒரு சாரலில்தான் பந்து நனைந்து என் விரலில் நிற்காமல் வழுக்கியது. நான் தாவணியில் துடைத்துத் துடைத்துப் போட்டேன். எதிரே பந்து பிடிக்கக் குந்தியிருந்த நீ, "தொடைக்காதட்டி. உள்ளங்கைக்குள்ள அமுக்கிப் புடிச்சுப் போட்டுப் பாரு" என்றாய். போட்டேன். பந்து சோம்பேறி மாதிரி வந்தது. எனக்கு வெட்கமாகிவிட்டது. நீயோ எழுந்தே நின்றுவிட்டாய். "ஏட்டி, கை அம்புட்டு வேகமா வருது, பந்து ஆடி அசைஞ்சுல்லா வருது. இத எவ தொடுவா?"

மறுநாள் நான் கையையும் சேர்த்து மெதுவாகச் சுற்றினேன். "கூறு கெட்டவளே, கைய மெதுவாச் சுத்துனா அவளுக்குத் தெரிஞ்சிரும்லா" என்று திட்டினாய். யாரும் சொல்லித் தராததை நீ எப்படிக் கண்டாய்?

அதையேதான் முப்பிடாதிக்கும் பழக்கினேன். அவளுக்குப் பயம். "மெதுவாப் போட்டா அடிச்சிருவாளுவளே டீச்சர்" என்று தயங்குவாள், கையும் மெதுவாகிவிடும்.

நேற்று கடைசிக் கட்டம். நாங்கள் ஒரே ஒரு ஓட்டம் முன்னால். சிவகிரியிலிருந்து வந்த நெட்டைப் பெண் மட்டையோடு நிற்கிறாள். இரண்டு பந்தைத் தவறவிட்டாள், இன்னொன்றும் தவறினால் ஆட்டம் முடிந்தது. ஆனால் இரண்டாவதை மயிரிழையில்தான் விட்டாள். அந்த வேகம் அவளுக்குப் பழகிவிட்டது.

தூறல் விழுந்தது. முப்பிடாதி பந்தைப் பாவாடையில் துடைக்கப் போனாள், நிறுத்தினாள், என்னைப் பார்த்தாள். அவளாகவே துடைக்காமல் உள்ளங்கைக்குள் அமுக்கினாள்.

கை சுழன்ற வேகத்தைப் பார்த்து அந்தப் பெண் மட்டையை வீசினாள். வீசியும் முடித்தாள். பந்து இன்னும் வந்துகொண்டிருந்தது, மதினி. ஒன்றுமே நடக்காதது போல வந்து, பிடிக்கிற பிள்ளையின் கையுறைக்குள் உட்கார்ந்தது. எத்தனையோ தடவை நானே எறிந்த பந்துதான், ஆனால் தள்ளி நின்று முழுதாகப் பார்த்தது நேற்றுத்தான். நீ குந்தியிருந்து தினமும் பார்த்தது இதைத்தானா?

பிள்ளைகள் கத்திக் குதித்தார்கள். முப்பிடாதியின் அப்பா மட்டும் குடையை மடக்கி வைத்துக்கொண்டு நனைந்தபடி நின்றார். "அது என்ன பந்து டீச்சர்?"

"எங்க மதினி பந்து, அண்ணாச்சி."

மடக்கிய குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பிறகு, "நாளைக்கு எத்தன மணிக்கு அனுப்பணும்?" என்று கேட்டார்.

இன்று காலை எனக்கு முன்னாலேயே மைதானத்தில் வந்து நிற்கிறாள். "இன்னொரு பந்து சொல்லித் தாங்க டீச்சர்" என்கிறாள். எனக்குத் தெரிந்த இரண்டையும் கொடுத்தாகிவிட்டது. மூன்றாவதை எதிரே இருந்து பார்க்கிறவள்தான் கண்டுபிடிக்க முடியும். கண்டுபிடிப்பேன், மதினி. நாளையிலிருந்து நீ குந்தியிருந்த இடத்தில் நான் குந்துவேன்.

உன் அத்தை மகள், உன் பந்துக்காரி,
இசக்கி