பலாசியாவை விட்டுவிட்டுப் பறந்த செவ்வாய்

பிப்ரவரி 11, செவ்வாய்

இன்று காற்று என்னைக் கண்டதும் தொப்பியைக் கழற்றி வழிவிட்டது. காலையிலேயே மூன்று ஊர்களுக்குப் பறந்துவிட்டேன். ஏற்றியவை: தபால் மூட்டை, நாற்பது பெட்டி சோடா, ஒரு சலவை இயந்திரம், எனக்கே விமானம் ஓட்டக் கற்றுத்தரும் தோரணையில் முன்னிருக்கையில் உட்கார்ந்த ஒரு நாய்.

பொழுது சாயும் நேரத்தில் கடைசியாக எங்கள் ஊர், கயாலிக். என் அக்கா மகள் பலாசியா பையோடு ஓடுபாதையில் நின்றாள். பிரசவத்துக்கு மூன்று வாரம் இருக்கிறது. ஊரில் டாக்டர் கிடையாது. எங்கள் பெண்கள் முன்கூட்டியே பெத்தேலுக்குப் பறந்து, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் தங்கிக் காத்திருப்பார்கள். அவள் ஏற வேண்டிய நேரத்தில் கூடைப்பந்துப் பெண்கள் ஐந்து பேர் பனியில் ஓடிவந்தார்கள். நாளை பெத்தேலில் போட்டி. என்னிடம் இருப்பதும் ஐந்து இருக்கைதான்.

"இவளுகள ஏத்திட்டுப் போ மாமா. நான் நாளைக்கு வர்றேன். குழந்தை எங்க ஓடிடப்போவுது?" என்றாள்.

இருட்டுவதற்குள் அவர்களை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். எங்கள் ஊரில் கூடைப்பந்துக்கு அடுத்தபடிதான் கடவுள்.

பிப்ரவரி 12

மூடுபனி. என் மூக்கு நுனியைப் பார்த்தே இரண்டு மணி நேரம் ஆகிறது. பெண்கள் மூன்று புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார்கள்.

பிப்ரவரி 13

அதே பனி. வெட்டி எடுத்து வீடு கட்டலாம்.

பெத்தேல் விமான நிலையத்தில் பயணிகளை ஏற்றி இறக்குவதைப் பார்த்துக்கொள்ளும் ஒலிங்கா கேட்டாள்: "செவ்வாய்க்கிழமை பட்டியல்ல பலாசியா பேரு இருந்திச்சே. எங்க அவ?" சொன்னேன். தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். திட்டவில்லை. ஒலிங்கா திட்டாத நாள் நல்ல நாள் அல்ல.

பிப்ரவரி 15

பலாசியாவுக்கு வலி கண்டிருக்கிறது. இரண்டரை வாரம் முன்னாலேயே. ஊர் சுகாதாரப் பணிப்பெண் போனில் சொன்னாள்: "விட்டு விட்டு வருது. தலைப்பிள்ளை, நேரம் எடுக்கும். ஆனா ரொம்ப நாள் காத்திருக்க முடியாது."

இயந்திரத்தைச் சூடாக்கப் போனேன். ஒலிங்கா கதவை மறித்துக்கொண்டு நின்றாள்.

"எங்க கெளம்பிட்ட?"

"இந்தப் பனியில கண்ண மூடிட்டுப் பறப்பேன்."

"நீ கண்ணத் தொறந்து பறக்குறதே பெரிசு. ஆத்துல போய் விழுந்தேன்னா அப்புறம் யாருய்யா அவள அழைச்சிட்டு வர்றது? உக்காரு."

உட்கார்ந்தேன். நாளைக்கு, நாளைக்குன்னு சொன்னாளே — நான் ஏன் சரின்னேன்? அவ சொன்னா எனக்குப் புத்தி எங்க போச்சு? நானும் ஜெயிக்கணும்னு நெனச்சேன். அதான் உண்மை. வேற ஒண்ணும் இல்ல.

பிப்ரவரி 16

பத்து மணிக்குப் பனி கொஞ்சம் மேலேறியது. ஒலிங்காவே சாவியை நீட்டினாள்.

ஆற்றைப் பிடித்துக்கொண்டே தாழப் பறந்தேன். கயாலிக்கில் பலாசியாவையும் பணிப்பெண்ணையும் ஏற்றிக்கொண்டு திரும்பினேன். நாற்பது நிமிடம். ஆற்றை மட்டும் பார்த்துக்கொண்டு ஓட்டினேன்.

"மாமா, நீ பேசாம வந்தா பயமா இருக்கு. ஏதாவது பொய் சொல்லு."

சொன்னேன்: "ஒருதரம் எதிர்க்காத்து எப்பிடி அடிச்சுதுன்னா, முழு வேகத்துல போயும் பிளேன் பின்னாலயே போவுது. போய்ப் போய் முந்தாநாள்ல எறங்கிட்டேன்."

"அங்க என்ன பண்ண?"

"முந்தாநாள் தின்ன கருவாட்டயே திரும்பத் தின்னேன். அன்னிக்கு இன்னும் நல்லா இருந்துச்சு."

சிரித்தாள். வலி வந்து சிரிப்பை வெட்டியது. மூச்சு வாங்கிக்கொண்டு, "அப்ப என்னயச் செவ்வாய்க்கிழமைக்குக் கூட்டிட்டுப் போ மாமா" என்றாள்.

நான் எரிபொருள் முள்ளைத் தட்டிப் பார்த்தேன். பின்னாலிருந்து கை நீட்டி என் தோளைத் தட்டினாள். "சும்மா சொன்னேன். ஜெயிச்சோம்ல?"

பெத்தேல் ஓடுபாதையில் ஆம்புலன்ஸ் காத்திருந்தது. ஒலிங்காவின் வேலை. இரண்டே காலுக்குப் பெண் குழந்தை. இருவரும் நலம். முப்பது வருடமாக இந்த விமானத்தை ஓட்டுகிறேன். இன்றுதான் அதன் மூக்கில் முத்தமிட்டேன். உறைந்த உலோகத்தில் உதடு ஒட்டிக்கொண்டது. இதில் பொய்யே இல்லை.

பிப்ரவரி 24

இருவரையும் ஊரில் இறக்கினேன். பனி வண்டிகளோடு ஊரே ஓடுபாதைக்கு வந்திருந்தது. பெயரும் வைத்தாகிவிட்டது: மத்ரோனா. போன அக்டோபரில் இறந்த என் அக்காவின் பெயர். எங்களில் பெயர் வந்தால் உறவும் கூடவே வந்துவிடும். பலாசியா மகளை "அம்மா" என்றுதான் கூப்பிடுகிறாள்.

"மாமா, உங்கக்காவக் கொஞ்சம் புடி. கை கடுக்குது" என்று என்னிடம் நீட்டினாள்.

வாங்கிக்கொண்டு விமானத்தின் மறுபக்கம் போனேன், யாருக்கும் கேட்கக்கூடாது என்று. "அக்கா, அன்னிக்கு உன் மகள விட்டுட்டுப் பந்தாட்டத்துக்குப் போயிட்டேன்" என்றேன்.

அக்கா கொட்டாவி விட்டாள். ஐம்பத்தெட்டு வருடத்தில் என்னை இவ்வளவு சுலபமாக விட்டது இதுதான் முதல் தடவை.