அகல வார் பூட்டிய உன் சைக்கிள்

தாலி கட்டிய விரல்களிலும் சங்கிலி எண்ணெய்க் கறையோடு நின்ற என் அன்பு மச்சானே,

உன் சைக்கிளுக்குப் புதிய பெடல்களும் கால்வார்களும் பூட்டியாயிற்று. நீயும் நானும் மாதக்கணக்கில் சண்டையிட்டும் தீராத வழக்கு நீ போன பிறகு தீர்ந்திருக்கிறது. உனக்கு உகந்த தீர்ப்புதானா என்று கேட்கத்தான் வழியில்லை.

முதலில் என் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். நீ இறந்தது புக்கிட் ரோத்தான் வீட்டில், பிரம்பு நாற்காலியில், தொலைக்காட்சியில் பூப்பந்து பார்த்துக்கொண்டிருந்தபோது. சைக்கிள் அன்று முழுவதும் பின்வாசலில் சுவரோடு சாய்ந்து நின்றது. ஆனால் கருமாதிக்கு வந்தவர்கள் சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் கதை மாறிவிட்டது. "அம்பது வயசுக்கு மேல அந்த நிக்காத சைக்கிள ஓட்டித்தான் நெஞ்சு வெடிச்சிருச்சி" என்றார் உன் பெரியப்பா. தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்தவர். தாம் சொன்னதற்கு மறுப்புக் கேட்டுப் பழகாதவர்.

கேட்டுக் கேட்டுச் செல்வியும் நம்பத் தொடங்கினாள். என் தங்கைதான், ஆனாலும் சொல்கிறேன்: துக்கத்தில் இருப்பவர்களுக்கு எதன் மீதாவது பழி போட வேண்டியிருக்கிறது. பழைய இரும்பு வாங்கும் லோரி அடுத்த முறை தெருவுக்கு வரும்போது சைக்கிளைத் தூக்கிக் கொடுத்துவிடப்போவதாகச் சொன்னாள். உன் மகள் கயல் அதைத் தனக்கு வேண்டுமென்றாள். தாயும் மகளும் பேசிக்கொள்வதை நிறுத்தினார்கள்.

நான் குரலை உயர்த்தவில்லை. "பெரியப்பா, அவரு செத்தது நாற்காலியில. நியாயமாப் பார்த்தா அதத்தான லோரியில ஏத்தணும்? நீங்க இப்ப அதுலதான் உக்காந்திருக்கீங்க" என்றேன். அவர் மெதுவாக எழுந்து வேறோர் இருக்கைக்கு மாறினார். நீ போனதற்குப் பிறகு செல்வி முதன்முறையாகக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

சிரிப்பு அடங்கியதும் மகளைக் காட்டிச் சொன்னாள்: "சரிண்ணே, அவ ஓட்டட்டும். ஆனா கீழ சாஞ்சா கால் கழண்டு வரணும். வாயால சொல்லாத, எனக்கு விழுந்து காட்டு."

உனக்குத் தெரியும், இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இந்த வகைச் சைக்கிளில் சக்கரம் சுழலும் வரை பெடலும் சுழலும். மிதிக்காமல் சும்மா உருள முடியாது. கால் நழுவினால் பெடல் திரும்பி வந்து கெண்டைக்காலைப் பதம் பார்க்கும். ஆகவே காலைக் கட்ட வேண்டும். கட்டிய கால், வேண்டிய கணத்தில் வெளியே வரவும் வேண்டும். இவ்விரண்டுக்கும் நடுவில்தான் நம் சண்டை நடந்தது.

ஞாயிறு காலை, பள்ளித் திடலில் சோதனை. நான் விழுவதைப் பார்க்கப் பெரியப்பாவும் வந்திருந்தார்.

முதலில் நான் பரிந்து பேசிய பூட்டுப் பெடல். சப்பாத்தின் அடியில் பதித்த துண்டு பெடலில் டிக்கென்று மாட்டிக்கொள்ளும். குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் விடும். திருப்ப வேண்டும் என்பது எனக்குத் தெரியும். புல்லில் கிடந்தபோதும் அது தெரிந்தே இருந்தது. "படிச்சவருல்ல, வளையாம நெளியாம விழுறாரு" என்றார் பெரியப்பா.

அடுத்தது நீ பரிந்து பேசிய இரும்புக் கூண்டும் தோல்வாரும். இறுக்கிவிட்டால் காலும் பெடலும் ஒன்றாகிவிடும். அந்த அழகை நான் என்றும் மறுத்ததில்லை. ஆனால் வெளியே எடுக்கக் குனிந்து கையால் தளர்த்த வேண்டும். இடது கால் தளர்வாக இருந்தது, வந்தது. வலது கால் வரவில்லை. தோளில் நல்ல சிராய்ப்பு. செல்வி, அடுத்தது என்று கைகாட்டினாள்.

மூன்றாவது, கயல் கேட்ட அகல வார். தட்டைப் பெடலின் குறுக்கே உள்ளங்கை அகலத்துக்கு, பிரித்து ஒட்டக்கூடிய ஒரு பட்டை. பாதத்தைச் சற்றுக் கோணலாக நுழைத்து நேராக்கினால் இறுகும். சப்பாத்தோடு ஏறப்போனவனைச் செல்வி தடுத்தாள்.

"சப்பாத்து வேணாம்ணே. இவ கடைக்குப் போனாலும் கடலுக்குப் போனாலும் செலிப்பார்தான். செலிப்பாரோடயே விழு."

சப்பாத்தைக் கழற்றிவிட்டு என் ரப்பர்ச் செருப்பை மாட்டிக்கொண்டு ஏறினேன். திடலின் நடுவில் பக்கவாட்டில் சாய்ந்தேன். கால் தானாகக் கழன்று தரையைத் தொட்டது, நான் நின்றேன். கைப்பிடியைத்தான் விட்டுவிட்டேன். ஆளில்லாத சைக்கிள் கொஞ்ச தூரம் உருண்டது. வாருக்குள் சிக்கிய ஒற்றைச் செலிப்பார் பெடலோடு சேர்ந்து, தன்பாட்டுக்கு மிதித்துக்கொண்டே போனது.

செல்வி புல்லில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பில் பேச்சு வரவில்லை. "செலிப்பார் போனா போவுது, கால் வந்துருச்சில்ல. இதையே பூட்டு."

வாரைக் கயலின் காலுக்கு அளந்து ஒட்டினேன். "மாமா, கொஞ்சம் லூஸ் லா" என்றாள், தளர்த்தினேன். வலது காலை நுழைத்துத் தள்ளிப் புறப்பட்டாள். மச்சான், அதன் பிறகுதான் அந்த விஷயம். சுழன்று வந்த இடது பெடலைக் கால்நுனியால் தட்டிப் புரட்டி, கீழே பார்க்காமலே, வாருக்குள் பாதத்தை நுழைத்தாள். எனக்கு அது படிய ஒரு மழைக்காலம் ஆயிற்று. திடலைச் சுற்றி வந்து, பெடலைப் பின்னுக்கு அழுத்தி, எங்கள் முன் ஓசையில்லாமல் நின்றாள்.

செல்வியின் சிரிப்பு நின்றது. "யாருடி சொல்லிக் குடுத்தா?"

"அப்பாதான்மா. நீ பசாருக்குப் போனப்புறம், தோட்டத்து ரோட்டுல."

"எப்பலேர்ந்து?"

"ரொம்ப நாளா லா."

"விழுந்தியா?"

"நெறைய."

"அப்ப நான் எதுக்குடி விழுந்தேன்?" என்றேன் நான்.

"நான் சொல்ல வர்றதுக்குள்ள நீங்க விழ ஆரம்பிச்சிட்டீங்க மாமா."

செல்வி மகளின் அருகில் போனாள். "இனிமே எங்கிட்ட சொல்லிட்டுப் போ" என்றாள். பிறகு குனிந்து, பிரிந்திருந்த வாரின் ஓரத்தைத் தன் கையாலேயே அழுத்தி ஒட்டினாள்.

அப்படியானால் மச்சான், நாம் அத்தனை நாள் சண்டை போட்டது யாருடைய காலுக்காக? உன் காலுக்கென்று நினைத்தல்லவா நான் வாதாடினேன்? என்னிடமாவது சொல்லியிருக்கலாமே. இந்தக் கோபம் பெரியப்பா மீது உள்ளதைவிடப் பெரியது. நான் அதை நிதானமாக, பல ஆண்டுகள் வைத்திருக்க எண்ணியிருக்கிறேன்.

வரும் ஞாயிறு நானும் கயலும் சுங்கை செம்பிலாங் வரை போகிறோம். செல்வி மோட்டார் சைக்கிளில் பின்னால் வருகிறாளாம். நம் குடும்பத்தில் ஒருவரையும் நம்புவதற்கில்லையாம். லோரிகள் வரும் பக்கத்தில் நான் ஓட்டுவேன், உள்பக்கத்தில் உன் மகள். இனி ஒவ்வொரு ஞாயிறும் அப்படித்தான். இது நான் உனக்குத் தரும் வாக்கு.

தோள் சிராய்ப்பு இன்னும் ஆறாத,
செல்வியின் அண்ணன், கயலின் மாமன், என்றைக்கும் உன் மச்சான்.