சாமின் படகுக்கு ஓர் எஞ்சின்

8 ஜன., வியாழன்

காலையில் நல்ல பனி. மாடியில் நேற்றுப் போட்ட துணி இன்னும் ஈரம். கால் வெடிப்புக்குக் களிம்பு வாங்க வேண்டும்.

நாகராஜ் போன் செய்தார். சந்தாபுராவில் அவர் ஒர்க்‌ஷாப்பில்தான் எட்டு மாதமாக எங்கள் படகு கிடக்கிறது. இருபத்திரண்டு அடி. உள்ளே இரண்டு பேர் படுக்கலாம், மூலையில் அடுப்பு வைக்க ஒரு சின்ன மேடை. எல்லாம் உண்டு, எஞ்சின் மட்டும் இல்லை. மூடிப்போன ஒரு ரிசார்ட்டிலிருந்து சாம் வாங்கியது. ரிடையர் ஆனதும் மற்றவர்கள் மனை வாங்குவார்கள். என் வீட்டுக்காரர் பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு படகு வாங்கினார். மேற்குக் கரையோரம் ஹொன்னாவர் பக்கம் ஷராவதி ஆற்றில் விடப் போகிறாராம்.

நாகராஜ்: “மேடம், ரெண்டு எஞ்சின் கைவசம் இருக்கு. பின்னாடி மாட்டற பெட்ரோல் ஒண்ணு, உள்ள வைக்கற டீசல் ஒண்ணு. இருபதாம் தேதிக்குள்ள சொல்லுங்க. இல்லேன்னா வேற பார்ட்டி தூக்கிக்கினு போயிடுவான்.”

சாமிடம் சொன்னேன். மூன்றாவது தடவை கத்தியபோதுதான் கேட்டது. “டீசல்தான். இதுல யோசிக்க இன்னா இருக்குது?”

இருக்கிறது. நான் பெட்ரோல்.

9 ஜன., வெள்ளி

முப்பது வருடம் சயன்ஸ் டீச்சராக இருந்தவள், நியாயமாக எழுதிப் பார்க்கிறேன்.

பெட்ரோல்: எடை குறைவு. சத்தம் குறைவு. மணல் திட்டு வந்தால் எஞ்சினைத் தூக்கிக்கொள்ளலாம். வெளியே தொங்குவதால் உள்ளே இடம் மிச்சம்.

டீசல்: எண்ணெய் குறைவாகக் குடிக்கும். நீரோட்டத்தை எதிர்த்து நிதானமாக இழுக்கும். மீன்பிடித் துறைமுகத்தில் எப்போதும் கிடைக்கும். பெட்ரோலை கேனில் கேட்டால் பங்க்கில் முறைக்கிறார்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், படகின் அடியில் தங்கும், பக்கத்தில் நான் அடுப்பு பற்றவைத்தால்... இதை ஒன்பதாம் வகுப்புக்கு நானே நடத்தியிருக்கிறேன். சாமிடம் சொல்லவில்லை.

டீசல் வந்தால் எஞ்சின் பெட்டி நடுவில் உட்காரும். என் அடுப்பு மேடை போய்விடும்.

ஆனால் என் காரணம் அடுப்பு இல்லை. சாமின் காது. முப்பத்தொரு வருடம் ஃபேக்டரியில் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் நின்றதில் இடது காது போயேவிட்டது, வலது காது பாதி. போன வருடம் காது மிஷின் வாங்கினோம். ஒரு வாரம் போட்டார், பிறகு டிராயரில். படகில் சத்தம் இல்லாவிட்டால் மிஷின் போடுவார். மிஷின் போட்டால் நாங்கள் பேசலாம். அவ்வளவுதான் என் கணக்கு.

பால்காரருக்கு நாளை ஒரு லிட்டர் போதும் என்று சொல்ல வேண்டும்.

10 ஜன., சனி

சந்தாபுரா போனோம். பஸ்ஸில் கூட்டம், ஒசூர் ரோட்டில் ஒன்றரை மணி நேரம்.

என் பிடிவாதத்துக்காக சாம் காது மிஷின் போட்டு வந்தார். தலை வாரி, சட்டை இன் செய்து, கல்யாண வீட்டுக்குப் போகிறவர் மாதிரி. நாகராஜ் டீசல் எஞ்சினை ஸ்டாண்டில் வைத்து ஸ்டார்ட் செய்தார். தடதடதட. சாம் முகம் ஒரு பக்கமாகக் கோணியது. இரண்டு கையாலும் மிஷினைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அப்புறம்தான் சிரித்தார். எஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார், மாட்டைத் தட்டிக்கொடுக்கிறவர் போல.

நாகராஜ் என்னிடம்: “அண்ணாவுக்கு டீசல்னா உசுரு மேடம். சக்கத்தா, சூப்பரா செட் ஆகும்.”

“அண்ணாவுக்கு ஆகும். எனக்கு?”

“நீங்க காதுல பஞ்சு வச்சிக்குங்க.”

அவரே ஒரு யோசனை சொன்னார். ஹொன்னாவரில் அவருக்குத் தெரிந்த கணபதி என்பவரிடம் இரண்டு வகைப் படகும் இருக்கிறதாம். பொங்கல் லீவில் போய் இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம், அவரும் கூட வருவார். சரி என்றேன்.

11 ஜன., ஞாயிறு

சர்ச். பிரசங்கத்தில் பாயர் நீளமாகப் பேசினார். சாம் நடுவில் தூங்கி, எல்லாரும் எழுந்தபோது சரியாக எழுந்துவிட்டார். எப்படியென்றே தெரியவில்லை.

மத்தியானம் மகள் பிரிசி புனேயிலிருந்து போன். “அம்மா, அப்பாக்கு காது கேக்காது. ஆத்துல எதிர்ல ஒரு படகு ஹாரன் அடிச்சா என்ன பண்ணுவார்? வித்துடச் சொல்லும்மா.” ஸ்பீக்கரில்தான் பேசினாள். சாம் எதிரே உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். கேட்டதா இல்லையா என்று அவர் முகத்தில் எழுதியிருக்கவில்லை.

நான் கடலைத் தோலை வாரினேன்.

16 ஜன., வெள்ளி. ஹொன்னாவர்

விடிய ஐந்துக்குக் கிளம்பி மூன்று மணிக்கு வந்து சேர்ந்தோம். நாகராஜ் கார். இடுப்பு வலி. லாட்ஜில் வெந்நீர் வருகிறது. ஜன்னலில் ஆறு. இவ்வளவு அகலமா! சாம் ஜன்னலைவிட்டு வரவே இல்லை. காபி ஆறிப்போயிற்று.

17 ஜன., சனி

காலை: பெட்ரோல்.

கணபதி நல்ல மனிதர், கன்னடம் மட்டும் பேசுவார். அழகான வெள்ளைப் படகு. ஸ்டார்ட் ஆனதே தெரியவில்லை, தையல் மிஷின் அளவுக்குக்கூடச் சத்தம் இல்லை. நான் சாமைப் பார்த்தேன், பார்த்தீர்களா என்கிற மாதிரி. அவர் ஓட்டும் இடத்தில் உட்கார்ந்தார். சாவியைத் திருகினார்.

கர்ர்ர்ர் என்று ஒரு சத்தம், எனக்கே பல் கூசியது. ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினை மறுபடி ஸ்டார்ட் செய்கிறார். அவருக்கு அது ஓடுகிறதென்று தெரியவில்லை. கணபதி “ஆன் ஆகிதே சார், ஆன் ஆகிதே” என்று ஓடிவந்தார். அதற்குள் இன்னொரு தடவை.

கணபதி முகத்தைத் திருப்பிக்கொண்டார். சாம் என்னைப் பார்க்கவில்லை. “ஸ்டார்ட்டர் பழசு போலகீது” என்றார்.

பத்து நிமிடம் கழித்து இடது பக்கம் வலை. மிதவைகள் நன்றாகத் தெரிந்தன, அவருக்கு வெயில் கண்ணில். “வலது பக்கம்! வலது!” என்று கத்தினேன். சத்தமே இல்லாத எஞ்சின், பக்கத்திலேயே நான், காதில் மிஷின்கூட. காற்று வீசியதில் மிஷினில் வெறும் இரைச்சல்தான் வந்ததாம். வலைமேல் ஏறிவிட்டோம்.

வலைக்காரப் பெண் சின்ன ஓடத்தில் வந்தாள். இடுப்பில் கை வைத்துக் கால் மணி நேரம் திட்டினாள். சாம் மார்பளவுத் தண்ணீரில் இறங்கி, வலை மேலும் கிழியாமல் ஒவ்வொரு கண்ணியாக எஞ்சினின் சுழல் இறக்கையிலிருந்து எடுத்தார். அவள் திட்டத் திட்ட இவர் தலையாட்டிப் புன்னகைத்தார். கடைசியில் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. “பாவம், கேள்சல்லாரி” என்றாள் என்னிடம், காதைத் தொட்டுக் காட்டி. பிறகு அவளும் குனிந்து உதவினாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சாப்பாடு மீன் குழம்பு. சாம் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்று மணிக்கு டீசல் படகு. வேண்டாம் என்றார். நாகராஜ்தான் கையைப் பிடித்து ஏற்றினார்.

பழைய மரப் படகு. ஸ்டார்ட் ஆனதும் என் கடைவாய்ப் பல்வரை அதிர்ந்தது. சாம் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். வெறுங்காலோடு பலகைமேல் நின்றார். கண்ணை மூடிக்கொண்டார். அரை நிமிடம்.

பிறகு நாகராஜைக் கூப்பிட்டு: “ரெண்டு சிலிண்டர்ல ஒண்ணு சரியா அடிக்கல. பின்னால இருக்கறது. கேளு அவர.”

கணபதி நம்பவில்லை. பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். பின் சிலிண்டருக்குப் போகும் டீசல் குழாயின் நட்டு லூஸ். கசிந்துகொண்டிருந்தது. ஸ்பேனர் போட்டு இறுக்கியதும் தடதட என்பது சீராகிவிட்டது. எனக்குக்கூடத் தெரிந்தது. கணபதி சாமைக் கும்பிட்டார், விளையாட்டுக்குத்தான். ஆனாலும் கும்பிட்டார்.

ஒரு மணி நேரம் ஓட்டினார். வேகம் கூட்டும்போதும் குறைக்கும்போதும் ஒரு பிசிறு இல்லை. அந்த ஒரு மணி நேரம் அவர் செவிடர் இல்லை.

இதைக் கிறுக்கும்போது அவர் குளிக்கிறார். மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் நான் மட்டும்.

19 ஜன., திங்கள்

நேற்று ஊர் திரும்பினோம். இன்று காலை இட்லி சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“பெட்ரோலே போட்டுக்கலாம். நீ சொன்னதுதான் சரி.”

இன்னொரு இட்லி வைத்தேன். அவரே தொடர்ந்தார். “இல்லாங்காட்டி பிரிசி சொன்ன மாதிரி வித்துடலாம். அந்தப் பொம்பளை வலை கிழிஞ்சிது. நாளைக்கு அது ஒரு ஆளா இருந்தா?”

அன்று கேட்டிருக்கிறது. கடலை உரித்துக்கொண்டே எல்லாம் கேட்டிருக்கிறார்.

தட்டைக் கழுவி வைத்தார். செய்தித்தாளை எடுத்தார், ஒரே பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்தார். முப்பத்திரண்டு வருடத்தில் இவர் கோபப்பட்டுப் பார்த்திருக்கிறேன், குடித்துப் பார்த்திருக்கிறேன் (இரண்டு முறை), அழுதும் பார்த்திருக்கிறேன். விட்டுக்கொடுத்துப் பார்த்ததில்லை. தாங்கவில்லை.

கண்ணாடி துடைக்கும் துணியைக் காணோம்.

20 ஜன., செவ்வாய்

கடைசி நாள். பத்து மணிக்கு, சாம் சிவாஜிநகருக்குக் கறி வாங்கப் போன நேரத்தில், நாகராஜுக்கு நானே போன் செய்தேன்.

“டீசல் போடுங்க.”

“மேடம்? நீங்கதானே வேணாம்னீங்க?”

“இப்ப வேணும்.”

“அண்ணாவுக்குத் தெரியுமா?”

“தெரிய வைக்கறேன்.”

பன்னிரண்டு மணிக்குப் பையோடு வந்தார். நேருக்கு நேர் நின்று, வாய் தெரியும்படி மெதுவாகச் சொன்னேன். “டீசல் சொல்லிட்டேன்.”

“ஏன்? எனக்காகவா? பாவம் பாக்கறியா?” கோபம். பை இன்னும் கையில்.

“உங்களுக்கு எஞ்சின் நல்லாத் தெரியுது. எனக்குத் தெரியாது. அதனால.”

“எதிர்ல வர்றது எனக்குக் கேக்காதே, எஸ்தர்.” இதை அவர் வாயால் சொல்லி நான் கேட்டது இதுதான் முதல் தடவை. இத்தனை வருடமும் ‘நீ மெதுவாப் பேசற’ என்றுதான் சொல்வார்.

“எனக்குக் கேக்கும். நான் ஓட்டறேன்.”

பையைக் கீழே வைத்தார். “நீயா? கோல்ஸ் ரோடுல நிக்கிற வண்டிமேல ஸ்கூட்டியை உட்டவ நீ.”

“ஆத்துல வண்டி நிக்காது.”

சிரிக்க ஆரம்பித்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும். கறியைப் பூனை இழுத்துக்கொண்டு போனதை இரண்டு பேருமே பார்க்கவில்லை. கால் கிலோவாவது போயிருக்கும்.

22 ஜன., வியாழன்

பிரிசியிடம் சொன்னேன். அம்மா ஓட்டப் போகிறாள், அப்பா எஞ்சின் பார்ப்பார். இரண்டு தடவை திரும்பச் சொல்ல வைத்தாள். பிறகு, “லைஃப் ஜாக்கெட் நான் வாங்கி அனுப்பறேன். சைஸ் சொல்லு.”

என் சைஸைச் சரியாகச் சொல்லவில்லை.

7 பிப்., சனி

சந்தாபுரா. எஞ்சின் இறங்கிவிட்டது. பெட்டி நடுவில், நான் பயந்த இடத்திலேயே. மேடை போயிற்று. பெட்டியின் மூடிமேலேயே ஒரு பலகை பொருத்தி அடுப்பு வைக்கலாமா என்று நாகராஜ் அளவெடுத்தார். ஓடும்போது சமைக்க முடியாது. நிறுத்திவிட்டுச் சமைப்போம், அவசரம் என்ன.

சைகை பேசி வைத்திருக்கிறோம். தோளில் ஒரு தட்டு: வேகம் குறை. இரண்டு தட்டு: நிறுத்து. இவர் எனக்குத் தட்டுவது. நான் இவருக்குக் காலால் பலகையில் தட்டுவது மூன்று: என்னவென்று வந்து பார்.

28 பிப்., சனி. ஹொன்னாவர்

வெயில். காற்று இல்லை. லாரியில் வந்த படகு காலை எட்டு மணிக்குத் தண்ணீரில். நாகராஜும் கணபதியும் கரையில் நின்று கையாட்டினார்கள். கணபதி தன் வெள்ளைப் படகைக் கொஞ்சம் தள்ளிக் கட்டிவைத்ததைக் கவனித்தேன்.

முதல் கால் மணி ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தேன். சாம் எனக்குப் பின்னால், கைக்கெட்டும் தூரத்தில், எஞ்சின் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார், காலைக் கீழே ஊன்றி. ஒரு தட்டு. குறைத்தேன். வளைவில் மணல் லாரி அளவுக்கு ஒரு படகு ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. கேட்டேன். ஒதுங்கினேன். அவ்வளவுதான், ஒன்றும் ஆகவில்லை.

பிறகு பயம் போய்விட்டது. இரண்டு பக்கமும் தென்னை. தண்ணீர் கண்ணாடி. எஞ்சின் போடும் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அந்தத் தைரியத்தில் பாட ஆரம்பித்தேன். தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு சர்ச் கொயரைவிட்டு வந்து ஏழு வருடம், சமையலறையில்கூடப் பாடியதில்லை. லெந்து நோன்பு நாட்களில் கிறிஸ்துமஸ் பாட்டு வேறு. யாருக்குக் கேட்கப் போகிறது.

இரண்டாவது சரணத்தில் பின்னாலிருந்து சாம் கத்தினார். இரண்டு கரைக்கும் கேட்டிருக்கும்.

“பாடறியா?”

திரும்பி, “எப்படித் தெரியும்?” என்றேன், வாயை அகலமாக வைத்து.

“தோள் ஆடுது. ஏழு வருசமா அது ஆடல.”

முன்னால் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார், வாய் தெரிகிற பக்கம். “மொதல்லேர்ந்து பாடு.”

பாடினேன்.