இடக்கை கிடார்

நோவோசிபிர்ஸ்க்
பிப்ரவரி

அன்புள்ள புருல்கானுக்கு,

நான் நலம். உன் முட்டுவலி தேவலையா? பசு கன்று போட்டதா?

கிடங்கில் ஒரு பெட்டி என் இடது கைமேல் கொஞ்சம் உரிமையோடு விழுந்துவிட்டது. மோதிர விரலின் நுனி போயிற்று, புண் ஆறிவிட்டது. அய்பேரியிடம் சொல்லாதே. அவள் கல்யாண விருந்தில் ஒவ்வொருவராகப் பாடும் முறை மேசையைச் சுற்றி வரும்போது பெண்ணின் அப்பா வாய்மூடி உட்கார்ந்திருந்தால் சம்பந்திகள் என்ன நினைப்பார்கள் என்று அவளுக்கு ஏற்கெனவே கவலை.

அந்த விரல்நுனி இல்லாமல் கிடார் கம்பியை அழுத்த முடியாது. அதனால் கம்பிகளைக் கழற்றி, வலமிடமாக மாற்றிக் கட்டிவிட்டேன். இனி வலது கை அழுத்தும், இடது கை மீட்டும். இந்த வயதில் மறுபடியும் முதல் பாடம். என் அறையில் இருக்கும் ஷெர்சோத் நன்றாக வாசிப்பவன்.

"அண்ணே, வாசிக்கிறீங்களா, இல்ல அடிச்சு உண்மைய வரவழைக்கிறீங்களா?" என்றான். பிறகு அவனே, "ஒரே மூச்சுல உக்காந்து விரலைக் கிழிச்சுக்காதீங்க. தினமும் கொஞ்சம், மெதுவா. பிடி மாத்துறத மட்டும் பழகுங்க, பாட்டு தானா வரும்" என்றான்.

தடித்த காலுறையும், நீ தயிரை உருட்டிக் காயவைக்கும் குருத் கொஞ்சமும் அனுப்பு. மாவு பிசையும்போது நீ பாடுவதைப் போனில் பதிந்து அனுப்பு. சுருதி பார்க்கத்தான், வேறொன்றுமில்லை. நீளமாகப் பாடு.

வேலைக்கு மணி அடித்துவிட்டது. விருந்தில் என் கை தடுமாறினால் நீயும் சேர்ந்து பாடிவிடு. சம்பந்திகள் அதைப் பாசம் என்று நினைத்துக்கொள்ளட்டும்.

உன்
தலாய்பெக்