பதிலுக்குக் காத்திருக்கும் எதிரி

செவ்வாய், இரவு

போன் கேமில் ஐந்தாவது கோட்டை அரக்கனிடம் இன்றும் தோற்றேன். இருந்தாலும் ஜப்பானிய கேம்களில் பழைய வகைதான் எனக்குப் பிடிக்கும். நான் யோசித்துக் கட்டளை கொடுக்கும்வரை எதிரி அடிக்காமல் நிற்பான். புதியவற்றில் யோசிப்பதற்குள் செத்துவிடுகிறோம்.

சாயங்காலம் காப்பிப் பழம் எடை போடும்போது எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் என்னிடம் கேட்டார். "ஏங்கண்ணு, ஆபீஸ்ல கம்ப்யூட்டர் வேலை இருக்குது, வாறியா?"

வருகிறேன் என்பது தொண்டைவரை வந்தது.

"சொல்லு சாமி, வாயில என்ன கொழுக்கட்டையா?" என்றாள் அம்மா. எல்லோரும் சிரித்தார்கள். நான் தலை நிமிரவில்லை.

"சரி, நாளைக்குக் கொட்டச்சேடு ஊருப் புள்ளையக் கேட்டுக்கறேன்" என்று ரைட்டர் போய்விட்டார்.

எட்டாவதோடு நின்றவளை இன்னொரு முறை யார் கேட்பார்கள்? விடிந்ததும், ரைட்டர் அந்தப் புள்ளையைக் கேட்கும் முன், அவர் வீட்டுக்குப் போகலாம். அம்மாவைக் கூப்பிட்டால் வருவாள். ஆனால் எனக்கு முன்னால் அவளே பேசிவிடுவாள். தனியாகத்தான் போக வேண்டும். பழம் பறித்த கை வலிக்கிறது.