கை இல்லாதவை என்று நான் எழுதியவை

அன்புள்ள வாயாடிக்கு,

இங்கே அம்மா நலம், நான் ஒரு கண் அளவுக்கு நலம். நீ வேளைக்குச் சாப்பிட்டு, போதிய தூக்கம் தூங்கி நன்றாயிருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். வலது கண்ணில் புரை எடுத்துப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. அம்மா மணி தவறாமல் சொட்டு மருந்து விடுகிறாள், கூடவே நாலு ஏச்சும் விடுகிறாள். மேசையில் இருக்கும் உன் படத்தைப் பார்த்து, இந்தப் பழுப்புச் சட்டை உனக்கு எடுப்பாக இல்லை என்று போனில் சொன்னேனே, நீ நீலம்தாம்பா என்றாய், நான் ஒத்துக்கொள்ளவே இல்லை. கட்டுப் பிரித்த அன்றே பார்த்தேன், நீலம்தான்.

சட்டையோடு போயிருந்தால் சிரித்துவிட்டு விட்டிருப்பேன். திங்கட்கிழமை வேலைக்குப் போய், சுருள் கை உண்டா இல்லையா என்று நான் வகை பிரித்து வைத்த கேலக்ஸிப் படங்களில் ஒன்றைச் சும்மா திறந்தேன். கை இல்லாத உருண்டை, மஞ்சள் என்று என் குறிப்பு இருந்தது. புதுக் கண்ணால் பார்த்தால் உருண்டையைச் சுற்றி வெளிர்நீலமாக இரண்டு கைகள் சுருண்டு கிடக்கின்றன. வலது கண்ணை மூடிக்கொண்டு பழைய கண்ணால் பார்த்தேன், கைகளைக் காணோம். மாற்றி மாற்றி எத்தனை தடவை மூடித் திறந்தேன் என்று தெரியாது. டாக்டரிடம் கேட்டதற்கு, அஞ்சாறு வருஷமாவே லென்ஸ் மஞ்சளாகிட்டு வந்திருக்கும், மெதுவா வர்றதால உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது என்றார். நேற்று வரை, உன் ஆய்வுக்கு நான் பிரித்துத் தந்த பட்டியலில் கை இல்லாதவை என்று போட்ட அறுபது படங்களைத் திரும்பப் பார்த்துவிட்டேன். இருபத்தொன்பதுக்குக் கை இருக்கிறது.

உனக்கு இதற்குள் புரிந்திருக்கும். வானத்தில் நான் பிரித்த அந்த மூலையில் கை இல்லாதவை வழக்கத்தைவிட இரட்டிப்பாக இருக்கின்றன என்றுதானே உன் ஆய்வு சொல்கிறது, மூன்று வருஷ உழைப்பு. அது வானத்தின் சங்கதி இல்லையம்மா, என் கண்ணின் சங்கதி. எனக்கு வெட்கமாக இருக்கிறது, உன்னை நினைத்தால் பயமாகவும் இருக்கிறது. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பக்கத்து மேசையில் நிறமாலை பார்க்கிற பெண் இரண்டு வருஷத்துக்கு முன்பே வந்து, சார், நீங்க உருண்டைன்னு போட்டதுல புது நட்சத்திரம் பிறக்கிற கோடு தெரியுது, கை இருக்கிறதுலதானே அது வரும், இன்னொரு தடவை பாருங்களேன் என்று பணிவாகத்தான் கேட்டாள். மெஷின்ல கோளாறு இருந்தா மெஷினைப் பாரும்மா, என் கண்ணைப் பார்க்காதே என்று எரிந்து விழுந்தேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. முந்தாநாள் அவளிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவள் அன்றைக்கே எடுத்து வைத்திருந்த நிறமாலைத் தாள்களை என் முன்னால் வைத்தாள்.

அலுவலகத் தலைவருக்கு நடந்ததை எழுதிக் கொடுத்துவிட்டேன். போனில் சொன்னால் நீ பரவாயில்லப்பா என்று ஒரு வார்த்தையில் என்னைத் தேற்றிவிடுவாய், அதனால்தான் கடிதம். அம்மா இதை இன்றே படமெடுத்து உனக்கு அனுப்புவாள். இருபதாம் தேதி ஆய்வேட்டைக் கொடுக்காதே, தவணை கேள். நிறமாலைத் தாள்கள் அத்தனையும் அந்தப் பெண் அனுப்புகிறாள், அதை வைத்துப் பட்டியலைத் திரும்பப் பிரி. உன் வழிகாட்டியிடம் பழசான மென்பொருள், அது இதென்று பூசி மெழுகாதே, எனக்காகப் பொய் சொல்ல நான் உன்னை வளர்க்கவில்லை.

ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் 'என் அப்பாவின் கண்களுக்கு' என்று போட்டிருக்கிறாய் அல்லவா, அதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் காட்டிப் பெருமையடித்துக்கொண்டேன். அந்த வரியை எடுத்துவிடு. பட்டியலில் பிழை வந்த விதத்தைச் சொல்லும் இடத்தில் என் பெயரை முழுதாகப் போடு, அங்கேதான் அது இருக்கவேண்டும்.

நீ தலை நிமிர்ந்து நிற்க எங்கள் இருவரின் ஆசியும் உண்டு. நீயும் ஒருமுறை கண்ணைக் காட்டிவிடு, தள்ளிப் போடாதே. அந்த நீலம் உனக்கு நன்றாக இருக்கிறது.

இப்படிக்கு,
அடுத்த மாதம் இடது கண்ணையும் சரிசெய்துகொள்ளப் போகும்
அப்பா