இடதுகால் கிக்கர்

தூத்துக்குடி
5.1.2025

அன்பு வேல்ராஜ்,

முப்பது கிலோமீட்டர் தள்ளி ஏரலில் இருக்கிறவனுக்குத் தபாலில் எழுத வேண்டியதாகிவிட்டது. போன் செய்தால் நீ எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் நீலக்குறி மட்டும் விழுகிறது. பெரிய தபால் ஆபீசில் இன்லேண்ட் லெட்டர் கேட்டேன், அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே போய்த் தேடி எடுத்து வந்தார்கள். கடிதத்துக்காவது பதில் போடுவாய் என்று நம்புகிறேன்.

நான் மறுபடியும் வண்டி வாங்கப் போகிறேன். டூ ஸ்ட்ரோக்தான், தேரிச் செம்மணல் மேட்டில் ஓட்டத்தான். டாக்டர், "நடங்க, நீந்துங்க, பைக்குக்கு நான் பொறுப்பில்ல" என்றார். பிலோமினா மூன்று நாள் முகம் கொடுக்கவில்லை. நாலாம் நாள், "வாங்கித் தொலைங்க. வீட்டுக்குள்ள உக்காந்து எங்க உசிர எடுக்கதுக்கு அது தேவல" என்று சொல்லிவிட்டாள். துறைமுகத்தில் கப்பல் இழுக்கும் டக் படகு இன்ஜின் ரூமில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தவனை, கால் உடைந்த பிறகு கொண்டுபோய் ஸ்டோர் மேஜையில் உட்காரவைத்தால் வேறு எப்படி இருப்பேன்?

மூன்று வண்டி பார்த்து வைத்திருக்கிறேன். திருநெல்வேலியில் ஓர் ஆர்.எக்ஸ்.135, உயரமான சஸ்பென்ஷன், முள் டயர் எல்லாம் போட்டு மாற்றியது. கோயம்புத்தூரில் ஒரு பழைய 250, ஆஸ்திரியா வண்டி, ஒரு ரேஸ்காரர் கொடுக்கிறார். பெங்களூரில் ஒரு 300, பட்டன் ஸ்டார்ட், ஆனால் விலையைக் கேட்டால் இன்னொரு காலும் போய்விடும். நீ எதைச் சொல்கிறாயோ அதை வாங்குகிறேன். இருபது வருடமாக அப்படித்தானே?

ஒன்று மட்டும் உறுதி. மெக்கானிக் பாண்டியராஜன் கை இந்த வண்டியில் படக்கூடாது. அவன் சிலிண்டரைக் கடைந்து போர் போட்டு இறுக்கமாக மாட்டிய பிஸ்டன்தான் நடுத்தேரியில் ஜாம் ஆகி என்னைத் தூக்கி எறிந்தது. நீதான் பக்கத்தில் இருந்து பார்த்தாயே.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
ரோச்


ஏரல்
17.1.2025

அன்பு ரோச்சுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் கடையில் வேலையே ஓடவில்லை. பொங்கல் வியாபாரம், பானை பானையாகப் போய்க்கொண்டிருந்த நேரம். வீட்டிலிருந்து முருகேஸ்வரியை வரச்சொல்லிக் கல்லாவில் உட்கார வைத்துவிட்டு, பின்னால் குடோனில் நின்று படித்தேன். போன் எடுக்காதது என் தப்புதான். கடை, வெள்ளத்துக்குப் பிறகு மராமத்து, மாமனாருக்குச் சுகமில்லை என்று காரணம் சொல்லலாம். சொன்னாலும் நீ நம்ப மாட்டாய்.

நீ மறுபடி ஓட்டப் போவதைக் கேட்டு எனக்குச் சந்தோஷமா பயமா என்று தெரியவில்லை. இரண்டும்தான். பிலோமினாவை நினைத்தால் கும்பிடத் தோன்றுகிறது.

வண்டி விஷயத்தில் என் யோசனை ஆர்.எக்ஸ்தான். பாகம் எல்லா ஊரிலும் கிடைக்கும். முக்கியமாக அதில் ஆயில் பம்ப் இருக்கிறது. தனி டப்பாவில் எண்ணெய் ஊற்றிவிட்டால் வண்டியே கலந்துகொள்ளும். அந்த 250-இல் ஒவ்வொரு தடவையும் பெட்ரோலில் கையால் அளந்து கலக்க வேண்டும். நம் வயதுக்கு அதெல்லாம் எதற்கு? அதை வாங்காதே. தயவுசெய்து வாங்காதே.

பாண்டியராஜனைப் பற்றிப் பழையதை இனிப் பேச வேண்டாம். அவன் பட்டறையை மூடி ரொம்ப நாள் ஆகிவிட்டது. உப்புக் கம்பெனி ஒன்றில் வாட்ச்மேனாக இருக்கிறானாம்.

என்றும் உன்
வேல்ராஜ்


தூத்துக்குடி
26.1.2025

அன்பு வேல்ராஜ்,

பதில் வந்ததே பெரிய காரியம். ஆனால் படித்துவிட்டுக் குழம்பிப் போனேன்.

திருநெல்வேலி போய் அந்த ஆர்.எக்ஸைப் பார்த்தேன். சத்தம் அருமை. ஆனால் கிக்கர் வலது பக்கம். என் வலது முட்டிக்குள் கம்பி இருக்கிறது, வேல்ராஜ். இரண்டு தடவை உதைத்தேன், மூன்றாவது தடவை அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். வண்டிக்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அந்தப் பழைய 250-க்குக் கிக்கர் இடது பக்கம். இந்த உலகத்தில் எனக்கென்றே செய்தது போல் ஒரு வண்டி, அதைத்தான் நீ வாங்காதே என்கிறாய்.

என் எந்தக் கால் உடைந்தது என்று உனக்குத் தெரியாதா? உன் கடைக் குட்டியானை வேனில் என்னைப் படுக்கவைத்து, ஆஸ்பத்திரி வரைக்கும் அந்தக் காலை மடியில் பிடித்துக்கொண்டு வந்தவனே நீதான். இதற்கு முன் வண்டி விஷயத்தில் நீ தப்பாகச் சொன்னதே இல்லை. அதனால் கேட்கிறேன், கோபமாக இல்லை. எண்ணெய் கலப்பதில் உனக்கு என்ன பயம்? நம் ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தில் முந்தின வாரம் விழுந்தவன் அடுத்த வாரம் எல்லோர் வண்டிக்கும் பெட்ரோல் ஊற்ற வேண்டும் என்று சட்டம் போட்டதே நீதானே. எத்தனை தடவை என் வண்டிக்குக் கலந்து ஊற்றியிருக்கிறாய்.

வருகிற மாதம் கோயம்புத்தூர் போகலாம். நீ வந்து ஓட்டிப் பார்க்காமல் நான் வாங்க மாட்டேன்.

அன்புடன்
ரோச்


ஏரல்
14.2.2025

அன்பு ரோச்சுக்கு,

இதை நாலு தடவை எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது.

உன் பிஸ்டன் ஜாம் ஆனதற்குப் பாண்டியராஜன் காரணம் இல்லை. நான்.

அதற்கு முந்தின ஞாயிறு விழுந்தது நான்தான், அதனால் அன்று பெட்ரோல் என் முறை. நீ மாதா கோயிலில் முதல் பூசை முடித்து வருவதற்குள் ஊற்றி வைத்துவிடலாம் என்று பார்த்தேன். உன் டாங்க் காலி. கேனிலிருந்து வெறும் பெட்ரோலை முதலில் ஊற்றினேன். எண்ணெயை அளந்து கையில் வைத்திருந்தபோது கடையிலிருந்து போன். ஒரு கல்யாணச் சீர்வரிசைக்கு அண்டா மாறிப் போய்விட்டதாம். பேசிக்கொண்டே அளவுக் குவளையைக் குட்டியானையின் தட்டில் வைத்துவிட்டு, உன் டாங்க் மூடியைத் திருகிவிட்டேன். என் வண்டிக்கு ஆயில் பம்ப், எனக்கு அந்தப் பழக்கமே கைக்கு வந்துவிட்டது. மூடியைத் திருகினால் வேலை முடிந்தது என்று.

நீ வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போனாய். பின்சக்கரம் பூட்டிக்கொண்டு நீ பறந்ததைப் பார்த்தேன். அப்போதுகூட எனக்குத் தோன்றவில்லை. உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, சாயங்காலம் குட்டியானையைக் கழுவப் போனபோது அந்தக் குவளை தட்டின் மூலையில் கயிற்றுச் சுருளுக்குள் கவிழாமல் அப்படியே இருந்தது, எண்ணெயோடு. அது இல்லாமல்தான் உன் பிஸ்டன் காய்ந்து பிடித்துக்கொண்டது.

மறுநாள் சொல்லத்தான் வந்தேன். அதற்குள் நீ பாண்டியராஜன் பெயரைச் சொல்லிவிட்டாய். மறுக்காமல் இருந்தேன். நீ நம் ஓட்டக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில், அவனிடம் யாரும் வண்டி விடாதீர்கள் என்று எழுதினாய். படித்தேன். அவன் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து, "எம் முன்னால இன்ஜினத் தொறந்து பாருங்க அண்ணாச்சி, அதுக்கப்புறம் என்ன வேணாலும் சொல்லுங்க" என்று கேட்டான். நீ அந்த வண்டியைத் திறக்காமலே மதுரைக்கு விற்றுவிடச் சொன்னாய். விற்றுக்கொடுத்தவன் நான். திறந்தால் தெரிந்துவிடும் என்றுதான் அவசரமாக விற்றேன். அதைத்தான் எழுத முடியாமல் நாலு தாளைக் கிழித்தேன்.

ஒவ்வொரு தடவை உன் பெயர் போனில் வரும்போதும் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவேன். உப்புக் கம்பெனி வாசல் வரை இரண்டு தடவை போனேன். அவன் கேட்டைத் திறந்து விட்டுக்கொண்டிருந்தான். பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

நீ அந்த 250-ஐயே வாங்கு. அதுதான் உனக்கு. நான் கோயம்புத்தூர் வரவில்லை. என்னை என்ன சொன்னாலும் சரி. இந்தக் கடிதத்தை நீ யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம்.

வேல்ராஜ்


தூத்துக்குடி
9.3.2025

வேல்ராஜுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம். முதல் தடவை படித்ததும் ஏரலுக்கு வந்து உன் கடைப் பாத்திரத்தை எல்லாம் தெருவில் உருட்டிவிட வேண்டும் என்றுதான் இருந்தது. பிலோமினாதான் தன் ஸ்கூட்டர் சாவியை ஒளித்து வைத்தாள். தவக்காலம் தொடங்கிவிட்டது, கோபத்தை விடுங்கள் என்று சாமியார் பிரசங்கம் செய்கிறார். முயற்சி செய்கிறேன்.

என் கால் உடைந்ததை விடு. எண்ணெய் கலக்க மறப்பது யாருக்கும் நடக்கும். எனக்கே ஒரு தடவை நடந்து, தெரு முனையில் ஞாபகம் வந்து வண்டியை அணைத்திருக்கிறேன். அதை மன்னிக்க எனக்கு ஒரு நாள்கூட ஆகவில்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் நான் பாண்டியராஜனை வாய் கூசாமல் திட்டியபோது, நீ பக்கத்தில் உட்கார்ந்து எனக்குச் சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தாய். தோலைக் கீழே சிந்தாமல் ஒரு காகிதத்தில் மடித்து வைத்தாய். அதை என்னால் தாண்ட முடியவில்லை. தாண்டுவேனா என்றும் தெரியவில்லை.

உன்னை மட்டும் சொல்லி என்ன? திறந்து பாருங்கள் என்று ஒருவன் கெஞ்சினான், நான் பார்க்கவில்லை. குழுவில் அன்று எழுதியது தப்பு என்று இப்போது எழுதிவிட்டேன். உன் பெயரைப் போடவில்லை. போடுவதும் போடாததும் உன் பாடு.

250-ஐ வாங்கிவிட்டேன். தனியாகப் போய்ப் பார்த்தேன், தனியாகவே முடிவு செய்தேன். இடது காலால் மூன்றாவது உதையில் பிடித்தது. முதல் ஓட்டத்துக்கு நீ வர வேண்டாம். உன்னைப் பார்க்க முடியும் என்று தோன்றும்போது நானே எழுதுகிறேன். அது எப்போது என்று கேட்காதே.

நேற்று உப்புக் கம்பெனிக்குப் போனேன். பாண்டியராஜன் எழுந்து நின்று நாற்காலியை என் பக்கம் தள்ளினான், கால் வலிக்கும் உக்காருங்க என்று. நான் உட்காராமல் உன் கடிதத்தைக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தான். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தான். உன்னையும் திட்டவில்லை, என்னையும் திட்டவில்லை. "பிஸ்டன் இடைவெளிய நாலு தடவ அளந்தேன் அண்ணாச்சி" என்றான். "நாலு தடவையும் சரியாத்தான் இருந்துச்சு. ஆனா நீங்க அவ்வளவு பேர் சொல்லுதப்போ, என் கண்ணுதான் அளவத் தப்பாப் பாத்திருக்கும்னு நானே நம்பிட்டேன். அதனாலதான் பட்டறைய மூடுனேன். உங்க பேச்சுக்காக இல்ல. இன்னொருத்தன் காலு போயிரக் கூடாதுல்லா."

அவன் மனைவி சுடலைச்செல்வி கூட்டிப்போய் வாங்கிக்கொடுத்த கண்ணாடியாம் அது. கண் டாக்டர், பார்வையில் பெரிய கோளாறு ஒன்றும் இல்லை, சின்ன பவர்தான் என்று சொல்லியும் இவன் நம்பவில்லையாம்.

நான் மன்னிப்புக் கேட்டேன். என்ன வார்த்தையில் கேட்டேன் என்று நினைவில்லை. அவன் கடிதத்தைத் திருப்பித் தரவில்லை. "இத நான் வச்சுக்கிடட்டுமா? செல்விட்ட வாசிச்சுக் காட்டணும்" என்றான். சரி என்றேன். உன் கையெழுத்து தெளிவில்லாத இரண்டு இடத்தைக் கேட்டு, பென்சிலால் மேலே எழுதிக்கொண்டு, மடித்துச் சட்டைப் பையில் வைத்தான்.

ரோச்